இடம் தேடித் தந்த பெருந்தகை நாராயண பிள்ளை

கடல் கடந்து பிழைக்க வந்த தமிழர் கையில் கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொண்டுவந்த பக்தியோ பெரிது. காடு திருத்திய இடத்திலும், கப்பல் துறையிலும், இருப்புப்பாதை ஓரத்திலும் அவர்கள் முதலில் எழுப்பியது இறைவனுக்கு ஓர் இல்லமே ஆகும். கோயிலற்ற ஊரைக் குடியிருக்கத் தக்க ஊராக நம் முன்னோர் கருதியதில்லை. அந்நெறி சிங்கப்பூரில் வேரூன்றக் காரணராக விளங்கியவர் திரு. நாராயண பிள்ளை அவர்கள் ஆவார். சவுத் பிரிட்ஜ் சாலையில் கோபுரம் நிமிர்ந்து நிற்கும் அருள்மிகு ஸ்ரீ மாரியம்மன் ஆலயம், 1827ஆம் ஆண்டில் அப்பெருமகனார் இட்ட வித்திலிருந்து வளர்ந்த விருட்சமாகும். திருவிழாக் காலத்தில் அன்னையின் சந்நிதியில் கூடும் நாம், அச்சந்நிதிக்கு இடம் தேடித் தந்தவரின் வாழ்வையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

பினாங்கிலிருந்து சிங்கை

நாராயண பிள்ளை அவர்கள் பினாங்கில் அரசாங்க ஊழியராகப் பணியாற்றி வந்தார். 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமான பினாங்கில், அதற்குள் ஒரு தலைமுறைக் காலத்திற்கும் மேலாகத் தமிழர்கள் வணிகராகவும், தொழிலாளராகவும், எழுத்தராகவும் வாழ்ந்து வந்தனர். 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் சிங்கப்பூரில் வணிகத்துறை அமைக்க உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாத இறுதியில் 'இந்தியானா' என்னும் கப்பலில் அவர் இரண்டாம் முறையாக இத்தீவுக்கு வந்தபோது, அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை அவர்கள். சிங்கப்பூரின் வரலாற்றேடுகளில் பெயர் பொறிக்கப்பெற்ற முதல் தமிழர்களுள் அவர் முதன்மையானவர்.

அன்றைய சிங்கப்பூரை இன்றைய அன்பர்கள் கற்பனை செய்து பார்ப்பதும் கடினம். ஆற்றின் முகத்துவாரத்தில் சில குடிசைகள், சுற்றிலும் சதுப்பு நிலம், அதற்கப்பால் காடு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1824ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற குடிமதிப்பின்படி இத்தீவின் மொத்த மக்கள்தொகை 10,683. அவர்களுள் இந்தியர் 756 பேர் மட்டுமே. அந்தச் சிறு கூட்டத்திற்கு முன்னோடியாக, உறவும் ஊரும் இல்லாத மண்ணில் கால் வைத்தவர் நம் பெருந்தகை.

நாணயம் பார்த்தவர்

அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில் சராப்பு வேலை ஆகும். அந்நாளில் ஸ்பானிய வெள்ளி நாணயங்களே இப்பகுதியில் புழங்கின. இன்றும் நாம் சிங்கப்பூர்ப் பணத்தை 'வெள்ளி' என்று வழங்குவது அக்காலத்தின் எச்சமே. அந்நாணயங்களில் நல்லது எது, கள்ளது எது என்று தேர்ந்து சொல்வது சராப்பின் பொறுப்பு. நாணயம் பார்க்கும் வேலைக்கு நாணயமான மனிதரைத்தானே அமர்த்துவார்கள்! பிள்ளை அவர்களின் நேர்மைக்கு அந்த வேலையே நற்சான்று எனலாம்.

ஆயினும் அரசாங்கச் சம்பளத்தோடு அவர் அமைதி கொள்ளவில்லை. புதிதாக உருவாகும் ஊருக்கு வீடுகள் வேண்டும், பண்டகசாலைகள் வேண்டும் என்பதை அவர் கூர்ந்து உணர்ந்தார். பினாங்கிலிருந்த தம் நண்பர் ஒருவரை வரவழைத்துக் கருவூலப் பணியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சோங் பகார்ப் பகுதியில் செங்கற்சூளை ஒன்றைத் தொடங்கினார். இத்தீவில் அமைந்த முதல் செங்கற்சூளை அதுவே என்பர். கொத்தர்களும், தச்சர்களும், துணி வணிகர்களும் பினாங்கிலிருந்து வருமாறு எழுதி அழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்ற சிறப்பும் அவருக்கே உரியது.

இங்கு நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தாம் முன்னேறிய பின் பிறரை அழைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தாம் நிற்க ஓரடி நிலம் கிடைத்தவுடனேயே அடுத்தவருக்கும் அதில் இடம் கொடுத்தார். பின்னாளில் அவர் செய்த அறங்கள் அனைத்திற்கும் இந்த இயல்பே அடிப்படையாக இருந்தது.

தீயும் கடனும்

செங்கற்சூளையோடு துணி வணிகத்திலும் அவர் இறங்கினார். கிராஸ் தெருவில் பருத்தித் துணிக் கடை ஒன்றை நிறுவி நடத்தி வந்தார். ஐரோப்பிய வணிகர்களிடம் கடனாகச் சரக்கு எடுத்து விற்பதே அக்கால வழக்கம். வணிகம் தழைத்தது. ஊரும் வளர்ந்தது.

1822ஆம் ஆண்டில் கடைத்தெருவில் மூண்ட தீ அனைத்தையும் அழித்தது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன கடைகளில் தீ பிடித்தால் என்ன மிஞ்சும்? பிள்ளை அவர்களின் கடையும் சரக்கும் சாம்பலாயின. சரக்கு எரிந்துபோயினும் கடன் எரியவில்லை. மூன்றே ஆண்டுகளில் உழைத்துச் சேர்த்த யாவும் போய், கடன் சுமையோடு தனித்து நிற்கும் நிலை அவருக்கு ஏற்பட்டது. வேறொருவராயின் கிடைத்த கப்பலில் ஏறிப் பினாங்குக்கே திரும்பியிருக்கக் கூடும். அவர் திரும்பவில்லை.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ராபிள்ஸ் மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தார். பிள்ளை அவர்கள் தம் நிலையை அவரிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாகக் கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. 1858ஆம் ஆண்டு முதல் ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்று, இன்று வானளாவிய வங்கிக் கட்டடங்கள் சூழ விளங்கும் இடம் அதுவே. அங்கே அவர் மீண்டும் வணிகத்தை நிலைநிறுத்தினார். விழுந்த வேளையில் ஒரு கை தம்மைத் தூக்கியதை அவர் மறந்தவரல்லர் என்பதற்கு அவருடைய பிற்காலச் செயல்களே சான்று.

மூன்று இடங்கள்

வணிகத்தில் இத்தனை மேடு பள்ளங்களைக் கண்ட அதே ஆண்டுகளில்தான் அவர் அன்னைக்கு ஆலயம் எழுப்ப இடம் தேடிக்கொண்டிருந்தார் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். செல்வம் நிறைந்த பின் செய்த தர்மம் அன்று அது. கையிலிருந்தது கரைந்துகொண்டிருந்த காலத்திலும் விடாது பற்றிய திருப்பணி.

ஆலயத்துக்கென முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. 'தெலுக் ஆயர்' என்னும் மலாய்ச் சொற்களுக்கு நீர் விரிகுடா என்று பொருள். பெயரில் நீர் இருந்தது. ஆனால் அருகில் இருந்ததோ கடல் நீர். அபிடேகத்துக்கும் ஆலய நியமங்களுக்கும் வேண்டிய நன்னீர் அங்கில்லை. அதிலும் மாரியம்மன் வழிபாடு நீரோடும் குளிர்ச்சியோடும் பிரிக்க முடியாதது. மழையைத் தருபவள் அவள். வெம்மை நோய் தணிப்பவள் அவள். மஞ்சள் நீரும் வேப்பிலையும் இன்றி அவளுக்குப் பூசை ஏது? எனவே அவ்விடத்தைக் கைவிட நேர்ந்தது.

1821ஆம் ஆண்டில், அப்போது ரெசிடெண்டாக இருந்த வில்லியம் பர்குவார், இன்று ஸ்டாம்போர்டு கால்வாய் எனப்படும் நீரோடையின் அருகே ஓர் இடத்தைப் பயன்படுத்த அனுமதி அளித்தார். நீர்க்குறை நீங்கியது. ஆனால் மறு ஆண்டின் பிற்பகுதியில் வகுக்கத் தொடங்கப்பட்ட ஜாக்சன் நகரமைப்புத் திட்டத்தில் அப்பகுதி வேறு பயன்களுக்கென ஒதுக்கப்பட்டது. கடை எரிந்த அதே 1822ஆம் ஆண்டு, கோயிலுக்கென எண்ணிய நிலமும் கைநழுவத் தொடங்கிய ஆண்டாக அமைந்தது.

ஓராண்டில் இரண்டு இழப்புகள். தம் கடைக்கு இடம் கேட்டு முறையிட வேண்டிய நிலையில் இருந்த ஒருவர், அன்னைக்கும் இடம் கேட்டு மீண்டும் முயன்றார். அதன் பலனாக 1823ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இப்போதைய இடம் ஆலயத்துக்கெனக் கிடைத்தது. மூன்றாம் முறை தேடிக் கிடைத்த அந்த மண்ணே, இரண்டு நூற்றாண்டுகளாக நாம் நெற்றி பதிய வணங்கும் மண்.

மரமும் அத்தாப்பும்

1827ஆம் ஆண்டில் அங்கே ஆலயம் எழுந்தது. கருங்கல் கருவறையும் இல்லை, கோபுரமும் இல்லை. மரச் சட்டங்களும் அத்தாப்புக் கூரையும் கொண்ட எளிய கொட்டகையே அன்றைய ஆலயம். அதில் மாரியம்மனின் சிறிய திருவுருவம் ஒன்றைப் பிள்ளை அவர்கள் பிரதிஷ்டை செய்தார்கள். 'சின்ன அம்மன்' என்று அன்போடு அழைக்கப்படும் அத்திருவுருவம் இன்றும் ஆலயத்தில் போற்றப்படுகிறது.

ஊரெங்கும் வீடுகள் எழச் செங்கல் சுட்டுத் தந்தவர், அன்னையின் முதல் ஆலயத்தை ஓலையால் வேய்ந்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது. எல்லாம் கைகூடட்டும், பின்னர்த் தொடங்கலாம் என்று இருந்திருப்பாராயின், வந்திறங்கிய நம் மக்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் அன்னையின் முகம் காணாது ஏங்கியிருப்பரோ! இருப்பதைக் கொண்டு தொடங்குவது ஒருவர் கடன். அதனை வளர்ப்பது பின்வருவோர் கடன் என்பதே அவர் செயலால் உணர்த்திய பாடமாகும்.

அவர் நம்பிக்கை வீண் போகவில்லை. நான்கே ஆண்டுகளில், 1831ஆம் ஆண்டில், சேஷாசலம் பிள்ளை என்னும் அன்பர் ஆலயத்துக்கு மேலும் நிலம் வழங்கினார். அச்செய்தியை ஆலயத்திலுள்ள கல்வெட்டு கூறுகிறது. 1843ஆம் ஆண்டளவில் ஓலைக் கட்டடத்தின் இடத்தில் செங்கல் கட்டடம் தோன்றியது. 1862-63ஆம் ஆண்டுகளில் ஆலயம் பெரிதும் விரிவாக்கம் பெற்றது. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்த கைவினைஞர்களின் திறத்தை அதன் சுதை வேலைகளில் காணலாம்.

வந்தவர்க்கெல்லாம் இடம்

நாராயண பிள்ளை அவர்களின் ஈகையை இத்தனை வெள்ளி என்று எண்ணிச் சொல்வதில் பயனில்லை. அவர் தந்தது இடம். அந்த இடம் யார் யாருக்குப் பயன்பட்டது என்று பார்த்தால்தான் அக்கொடையின் அளவு விளங்கும்.

கப்பலிலிருந்து இறங்கிய தமிழனுக்குத் தெரிந்த முகம் எதுவும் இராது. தங்க வீடு இராது. கையில் வேலையும் இராது. அத்தகையோருக்கு வேலை கிடைத்து வேறு தங்குமிடம் அமையும் வரை புகலிடமாக இருந்தது மாரியம்மன் ஆலயமே. இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் இவ்வாலயத்துக்கு மட்டுமே இருந்தது. திருமணப் பதிவும் இங்கேயே நடைபெற்றது. ஆகவே பல குடும்பங்களின் மரபு தொடங்கிய முதல் படி அன்னையின் வாயிற்படியே எனலாம்.

பிள்ளை அவர்கள் சமூகத் தலைவராகவும் விளங்கினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்குத் தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். அவர்களிடையே எழும் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் அவருக்கு அளிக்கப்பட்டது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதி, வெவ்வேறு தொழில் என்று பிரிந்து வந்தவர்களை ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழச் செய்வது எளிய செயலன்று. பணத்தால் வரும் பெருமையை விட நம்பிக்கையால் வரும் பெருமை பெரிது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

அதே கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெருமக்கள் 1826ஆம் ஆண்டில் அதே சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினர். பள்ளிவாசலும் ஆலயமும் அன்று முதல் இன்று வரை ஒரே தெருவில் அண்டை வீட்டாராக நிற்கின்றன. ஒருவர் விழாவுக்கு மற்றவர் வழிவிட்டு வாழ்ந்த அப்பண்பும் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற சொத்தாகும்.

தழைத்த திருத்தலம்

1840ஆம் ஆண்டு முதல் தீமிதித் திருவிழா இவ்வாலயத்தில் நடைபெற்று வருகிறது. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, மஞ்சள் உடையும் வேப்பிலையுமாக நடந்து வந்து, அன்னை திரௌபதியின் திருமுன் பூக்குழி இறங்கும் பக்தர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். முதல் கோபுரம் 1903ஆம் ஆண்டிலும், இப்போதைய கோபுரம் 1925ஆம் ஆண்டிலும் எழுந்தன. ஆலயத்தின் இருபுறமும் உள்ள தெருக்கள் பகோடா தெரு என்றும் டெம்பிள் தெரு என்றும் பெயர் பெற்றதும் இக்கோயிலால்தான்.

1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த முஸ்லிம், இந்து அறநிலைய வாரியத்தின் மேற்பார்வையின் கீழ் ஆலயம் வந்தது. பின்னர் 1968ஆம் ஆண்டில் உருவான இந்து அறக்கட்டளை வாரியம் அதன் பொறுப்பை ஏற்றது. 1973ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள் ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996, 2010, 2023 ஆகிய ஆண்டுகளில் திருக்குடமுழுக்குகள் சிறப்புற நடந்தேறின. ஒருவர் ஓலை வேய்ந்து தொடங்கிய ஆலயம் இன்று ஒரு நாட்டின் பொதுச் சொத்தாக மதிக்கப்படுகிறது.

நாடும் அவரை மறக்கவில்லை. சிங்கப்பூர் தன் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்த 2019ஆம் ஆண்டில், ஆற்றங்கரையிலுள்ள ராபிள்ஸ் சிலையின் அருகே சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோரின் சிலைகளோடு நாராயண பிள்ளை அவர்களின் சிலையும் வைக்கப்பட்டது. அரசரும், அறிஞரும், வள்ளலும் நின்ற வரிசையில் நம்மவர் ஒருவரும் நின்ற காட்சி தமிழர் நெஞ்சையெல்லாம் குளிர்வித்தது.

நாம் கொள்ளத்தக்க பாடம்

அன்பர்களே! நன்கொடையாளர் பட்டியலில் பெயர் இடம்பெறுவது நல்லதே. அதனால் பிறருக்கும் ஈயும் எண்ணம் பிறக்கிறது. ஆயினும் ஓர் ஆலயத்தைத் தாங்கி நிற்பது பொருட்கொடை மட்டுமன்று. அலுவலகம் அலுவலகமாகச் சென்று அனுமதி கேட்பவர், மறுக்கப்பட்டால் மனம் தளராது மறுபடியும் கேட்பவர், விழா முடிந்த இரவில் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குபவர், அன்னதானக் கூடத்தில் அடுப்பின் வெம்மையில் நிற்பவர் ஆகியோரும் கொடையாளர்களே. நாராயண பிள்ளை அவர்கள் அந்த வரிசையில் முதல்வர். ஆலயத்துக்கு அவர் தந்தவற்றுள் தலையாயது அவருடைய விடாமுயற்சியே.

தம் இல்லம் நிறைந்த பின் எஞ்சியதை ஈவது ஒரு வகை. தம் கடை எரிந்த காலத்திலும் ஊருக்குக் கோயில் வேண்டுமென்று இடம் தேடுவது மற்றொரு வகை. இரண்டாம் வகை ஈகைக்குச் செல்வம் தேவையில்லை. நெஞ்சுரம் ஒன்றே போதும். ஆகவே அது நம் ஒவ்வொருவராலும் செய்யத் தக்கதாகும். இன்றும் பிழைப்புத் தேடி இத்தீவுக்கு வரும் நம் சகோதரர்கள் பலர் விடுமுறை நாளில் முதலில் நாடுவது ஆலயத்தைத்தான். அவர்களுக்கு ஒரு புன்முறுவலும், அமர ஓர் இடமும், உண்ண ஒரு கவளமும் தருவோமாயின், 1827ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தர்மம் நம் கையாலும் தொடர்கிறது என்று பொருள்.

இளைய தலைமுறையினரை ஆலயத்துக்கு அழைத்து வரும் பெற்றோர், அன்னையின் பெருமையைச் சொல்லும்போது இப்பெருந்தகையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். தம் பாட்டன் முப்பாட்டன் எதைக் கட்டினான் என்று அறிந்த பிள்ளை, தான் எதைக் கட்ட வேண்டும் என்பதையும் ஒருநாள் அறிவான்.

ஓலைக் கொட்டகையில் எழுந்தருளி இன்று பொற்கலசக் கோபுரத்தின் கீழ் அருளாட்சி புரியும் அன்னை ஸ்ரீ மாரியம்மன், திருப்பணிக்குத் தோள் கொடுத்த முன்னோர் அனைவரின் வழித்தோன்றல்களையும், இவ்விழாவில் கலந்துகொள்ளும் மெய்யன்பர்கள் யாவரையும் நோயின்றியும் குறைவின்றியும் காத்தருள்வாளாக!

வாழ்க நாராயண பிள்ளை அவர்களின் திருப்பெயர்! வளர்க அன்னையின் திருத்தொண்டு!